குளான்ஃபின் பாலம்: துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு

அயர்லாந்தின் நடுப்பகுதியில் லாங்ஃபோர்ட் என்று ஒரு சின்ன மாவட்டம். அங்கே கிரனார்ட் ஊருக்கும் பாலினலீ கிராமத்துக்கும் நடுவே போகிற சாலை, குளான்ஃபின் என்ற இடத்தில் ஓர் ஓடையைத் தாண்டுகிறது. வண்டியில் போகிறவர் கவனிக்காமலே கடந்துவிடக்கூடிய சின்னப் பாலம்தான். 1921 பிப்ரவரி 2 அன்று, பிரிட்டிஷ் காவல் படையின் லாரி ஒன்று அங்கே வந்தபோது, புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி வெடித்தது. சண்டை முடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் நான்கு பேர் இறந்து கிடந்தார்கள், எட்டுப் பேர் காயம்பட்டிருந்தார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்தால் அயர்லாந்து விடுதலைப் போரில் இதைவிடப் பெரிய தாக்குதல்கள் உண்டு. ஆனால் சுட்டது நின்ற பிறகு அந்தச் சாலையில் நடந்தது, நான்கு மாதம் கழித்து டப்ளினில் ஒரு ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், ஒரு காவல் படை ஏன் லாரியில் போய்க்கொண்டிருந்தது, அவர்களுக்காக ஏன் ஒரு பாலத்தில் காத்திருந்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம்.

1919 ஜனவரி 21 அன்று அயர்லாந்து மக்கள் பிரதிநிதிகள் டப்ளினில் கூடி டாயில் என்ற நாடாளுமன்றத்தை அமைத்து விடுதலையை அறிவித்தார்கள். அதே நாளில் டிப்பரேரி மாவட்டத்தின் சோலோஹெட்பெக்கில் குவாரிக்கு வெடிமருந்து கொண்டுபோன இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஓராண்டில் கிராமப்புறத்துச் சின்னச் சின்னக் காவல் நிலையங்கள் தொடர்ந்து தாக்கப்பட்டன. நான்கைந்து போலீஸ்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தைக் காப்பாற்ற முடியாது என்று அரசுக்குப் புரிந்தது. 1919 கடைசியிலும் 1920 தொடக்கத்திலும் அவற்றைக் காலி செய்துவிட்டு, ஆட்களை ஊர்களில் இருந்த பெரிய நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள். காலியான கட்டடங்களில் சில நூறு, 1920 ஈஸ்டர் நாட்களில் ஒரே நேரத்தில் கொளுத்தப்பட்டன.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முன்பெல்லாம் கிராமத்துப் போலீஸ்காரர் அந்தக் கிராமத்திலேயே இருந்தார். யார் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இப்போது ஒரு கிராமத்துக்குப் போக வேண்டுமென்றால் ஊரிலிருந்து கிளம்பி, சாலை வழியாக, கூட்டமாக, ஆயுதத்தோடு போக வேண்டும். கூடவே இன்னொன்றும் நடந்தது. 1920 மே மாதம் முதல் டிசம்பர் வரை அயர்லாந்து ரயில்வே தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படையின் ஆயுதங்களையும் ஆயுதம் தாங்கிய ஆட்களையும் ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கிவிடுவார், வண்டி அப்படியே நிற்கும். வேலை போனாலும் பரவாயில்லை என்று நின்றவர்கள் நூற்றுக்கணக்கானோர். துப்பாக்கி தூக்காமலே இவர்கள் போரின் போக்கை மாற்றினார்கள். இவர்கள் பெயரை நினைவுச் சின்னங்களில் அதிகம் காண முடியாதது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஆக, நிலையமும் போனது, ரயிலும் போனது. மிச்சம் இருந்தது சாலை. சாலையில் ஓடியது கிராஸ்லி டெண்டர் என்ற திறந்த லாரி. அதன் பின்பகுதியில் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு போவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த லாரியைத் தாக்குவது கடினம். நின்றுவிட்டால், திறந்த பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறைவே கிடையாது. பதுங்கித் தாக்குகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கணக்கு இதுதான்: லாரியை எங்கே நிறுத்துவது?

பாலம் அதற்குப் பதில். பாலத்துக்கு வரும்போது சாலை குறுகும், பல இடங்களில் வளையும், டிரைவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் பள்ளம், ஓடை, ஈரநிலம். லாரியை ஒதுக்கித் திருப்பிக்கொண்டு போக இடம் இருக்காது. முன்வண்டி நின்றால் பின்வண்டிக்கும் வழி அடைபடும். விடுதலைக்காகப் போரிட்ட ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) ஆட்களுக்கு வெடிமருந்து கிடைப்பதே அரிது. பல இடங்களில் வீட்டுக் கொல்லையில் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள், அதற்கு 'போர் மாவு', 'ஐரிஷ் செடார் சீஸ்' என்றெல்லாம் பட்டப்பெயர் வேறு. அப்படிச் சேர்த்த கொஞ்சத்தை வீணாக்க முடியாது என்பதால், லாரி கட்டாயம் கடந்தே தீர வேண்டிய ஓர் இடம் வேண்டும். பெரிய வயல்வெளியில் அப்படி ஓர் இடத்தைச் சொல்ல முடியாது. பாலம் என்றால் சொல்லலாம்.

இந்த வேலைக்காகவே 1920இன் பிற்பகுதியில் உருவானவை 'பறக்கும் படைகள்'. தேர்தல் காலத்தில் நாம் கேள்விப்படும் பறக்கும் படை வேறு, இது வேறு. வீட்டுக்குப் போனால் பிடிபடுவோம் என்று தலைமறைவாகத் திரிந்த இளைஞர்கள், இருபது முப்பது பேராகச் சேர்ந்து முழுநேரமும் ஆயுதத்தோடு சுற்றினார்கள். இரவில் ஏதாவது ஒரு விவசாயி வீட்டில் சாப்பாடு, தானியக் கிடங்கில் தூக்கம். பெண்கள் அமைப்பான குமன் ந மான் உறுப்பினர்கள் செய்தி கொண்டுபோனார்கள், துப்பாக்கி மறைத்துக் கடத்தினார்கள், காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் சோறு போடாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காத படை அது.

வடக்கு லாங்ஃபோர்ட் பறக்கும் படைக்குத் தலைவர் ஷான் மக்கோன். 1893இல் பிறந்தவர், தொழில் கொல்லர் வேலை. அப்பாவின் பட்டறையை அவர் இறந்த பிறகு எடுத்து நடத்தியவர். 'பாலினலீ கொல்லர்' என்றால்தான் இன்றும் அயர்லாந்தில் அவரைத் தெரியும். கொல்லர் என்பதற்கு அந்தப் பகுதியில் இன்னொரு நினைவும் உண்டு. 1798 கிளர்ச்சியில் அயர்லாந்து விவசாயிகள் ஏந்திய ஈட்டிகளை உலையில் வைத்து அடித்துக் கொடுத்தவர்கள் கிராமத்துக் கொல்லர்கள். அந்தக் கிளர்ச்சியின் கடைசிப் பெரிய சண்டை நடந்த பாலினமக், பாலினலீயிலிருந்து பக்கம்தான். அங்கே 1798 செப்டம்பர் 8 அன்று, கிளர்ச்சிக்கு உதவியாக வந்திருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போர்க் கைதிகளாக மரியாதையோடு நடத்தப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களோடு நின்று போரிட்ட அயர்லாந்துக்காரர்கள் வயலில் துரத்தித் துரத்திக் கொல்லப்பட்டார்கள், பிடிபட்டவர்களில் பலரைத் தூக்கில் போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் அந்நிய நாட்டுச் சிப்பாய், அயர்லாந்துக்காரன் துரோகி. அப்படித்தான் பிரிட்டிஷ் சட்டம் பார்த்தது.

அப்போது அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் காரன்வாலிஸ். பெயர் நமக்குப் புதிதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கிக்கொண்டு, சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகளைக் கம்பெனிக்கு எழுதி வாங்கிய அதே காரன்வாலிஸ்தான்.

இந்த நினைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரணடைந்தவனை என்ன செய்வது என்ற கேள்வி லாங்ஃபோர்ட்டில் 1921இல் முதல்முறையாக எழுந்தது அல்ல.

1920 அக்டோபர் 31 அன்று கிரனார்டில் கிரெவில் ஆர்ம்ஸ் என்ற விடுதியில் காவல் மாவட்ட ஆய்வாளர் கெல்லஹர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த விடுதி, பின்னாளில் ஐ.ஆர்.ஏ.வின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸுக்கு நிச்சயிக்கப்பட்ட கிட்டி கீர்னன் குடும்பத்துடையது. சில நாட்களில் பிரிட்டிஷ் படைகள் கிரனார்டுக்குள் புகுந்து கடைகளையும் விடுதியையும் கொளுத்தின. அடுத்து பாலினலீக்கு வந்தபோது மக்கோனின் ஆட்கள் காத்திருந்தார்கள். இரவுச் சண்டைக்குப் பிறகு படை திரும்பிப் போனது, கிராமம் தப்பியது. அதன்பின் மக்கோன் தேடப்படும் மனிதர். 1921 ஜனவரியில் அவர் தங்கியிருந்த குடிசையைப் போலீஸ் சுற்றி வளைத்தது. அவர் சுட்டுக்கொண்டே வெளியேறித் தப்பினார். அதில் மாவட்ட ஆய்வாளர் மெக்ராத் இறந்தார். இந்தச் சாவு பின்னால் அவர் கழுத்துக்கே வந்தது.

இதே குளிர்காலத்தில் பாலினலீ பக்கத்தில், உளவு சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டில் உள்ளூர் புராட்டஸ்டண்டுகள் இருவரை ஐ.ஆர்.ஏ. கொன்றது. இதையும் சொல்லாமல் குளான்ஃபினைப் பற்றி மட்டும் எழுதினால் கதை முழுமையாகாது.

சரி, பாலத்துக்கு வருவோம். அன்று வந்தவை ஆக்ஸிலியரி பிரிவின் இரண்டு லாரிகள். ஆக்ஸிலியரி என்பது சாதாரணப் போலீஸ் இல்லை. முதல் உலகப் போரில் அதிகாரிகளாக இருந்து வீடு திரும்பியவர்களை வைத்து 1920 ஜூலையில் தொடங்கிய துணைக் காவல் படை. நாளுக்கு ஒரு பவுண்டு சம்பளம், அந்தக் காலத்தில் அது நல்ல தொகை. எல்லோரும் பல ஆண்டு போர்முனை பார்த்தவர்கள். எதிரே இருந்த மக்கோனின் ஆட்களோ பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் இருபது பேர் அளவில்தான்.

முதல் லாரி பாலத்துக்கு வந்ததும் கண்ணிவெடி வெடித்தது. இரண்டாவது லாரியில் இருந்தவர்கள் குதித்து, கிடைத்த மறைவில் படுத்துச் சுட்டார்கள். எளிதில் மடியவில்லை. அவர்களை நடத்தி வந்த லெஃப்டினன்ட் கமாண்டர் பிரான்சிஸ் கிரேவன் அங்கே இறந்தார். அதற்குப் பிறகு, மிஞ்சியிருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

கிரேவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1918 அக்டோபர் 6 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கு அருகே, அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றி வந்த ஒட்ரான்டோ என்ற கப்பல் புயலில் இன்னொரு கப்பலோடு மோதி உடைந்தது. கரை பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் பாறை. அலை மலைபோல எழும்பிய அந்த நேரத்தில், மவுன்சி என்ற சிறிய போர்க்கப்பலை ஒட்ரான்டோவின் பக்கவாட்டில் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினார் அதன் தலைவர். மேலேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சிலர் இரண்டு கப்பலுக்கும் நடுவே விழுந்து நசுங்கினார்கள். ஆனாலும் ஏறக்குறைய 600 பேர் பிழைத்தார்கள். அந்தக் கப்பல்தலைவர்தான் கிரேவன். அமெரிக்காவே அவருக்குப் பதக்கம் கொடுத்தது. அப்படிப்பட்டவர் இரண்டரை ஆண்டுகூட ஆகாமல், தன் நாட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு கிராமத்துச் சாலையில், அந்த ஊர் மக்கள் கேட்காத ஓர் ஆட்சியைக் காக்கப் போய் இறந்தார். காலனி ஆட்சி தன் எதிரிகளை மட்டும் விழுங்குவதில்லை. நல்ல மனிதர்களையும் கூலிக்குப் பிடித்துப் போய் தப்பான இடத்தில் நிறுத்துகிறது. கிரேவனை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவது அவரை அங்கே அனுப்பியவர்கள்மேல்.

சரணடைந்தவர்களை மக்கோன் என்ன செய்தார்? நன்றாகச் சண்டையிட்டீர்கள் என்று அவர்களிடம் சொன்னார். கோபத்தில் அவர்கள்மேல் கை வைக்கப் போன தன் ஆட்களைத் தடுத்தார். பக்கத்து வீடுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கச் செய்தார். அப்புறம் ஓடக்கூடிய நிலையில் இருந்த லாரியில் ஏற்றி அவர்களைப் போகவிட்டார். துப்பாக்கிகளையும், லூயிஸ் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்றையும் தன் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் நேரம் பிடித்தது. பதுங்கித் தாக்குகிறவர்களுக்கு நேரம்தான் உயிர். அடித்தவுடன் மறைந்துவிட வேண்டும் என்பது அந்தப் போர்முறையின் முதல் பாடம். தண்ணீர் கொண்டுவந்த அந்த நேரத்தில் கூடுதல் படை லாரிகளில் வந்து சேர்ந்தது. மக்கோனின் ஆட்கள் சுட்டுக்கொண்டே மயிரிழையில் தப்பினார்கள். அதாவது, கைதிகளைக் காப்பாற்றியதற்கு அவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். சும்மா இருந்த நேரத்தில் காட்டிய பெருந்தன்மை இல்லை அது.

இதில் போர்த்தந்திரம் எதுவும் இருந்ததா? மக்கோனின் மனதில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. ஆனால் அந்தச் செயலின் அரசியல் எடை எங்கே இருந்தது என்று சொல்ல முடியும்.

பிரிட்டன் இதைப் போர் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. போர் என்றால் எதிரில் ஒரு நாடு இருப்பதாக ஆகிவிடும். அதனால்தான் அடக்குவதற்கு முன்னால் நிறுத்தியது போலீஸை, பெயரளவிலாவது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1920 நவம்பரில் லண்டன் கில்டுஹாலில் பேசும்போது, கொலையின் குரல்வளையைப் பிடித்துவிட்டோம் என்றார். அந்த ஒரு சொல்லில் அரசின் முழு நிலைப்பாடும் இருந்தது: இவர்கள் படை இல்லை, கொலைகாரக் கும்பல். கும்பலிடம் பேச்சுவார்த்தை கிடையாது, பிடிபட்டவனுக்குப் போர்க் கைதி உரிமை கிடையாது, தூக்குக் கயிறுதான். 1798இல் ஈட்டி பிடித்தவனுக்குச் சொன்னதும் இதேதான்.

டாயில்கூட ஐ.ஆர்.ஏ.வின் செயல்களுக்கு வெளிப்படையாகப் பொறுப்பேற்றது 1921 மார்ச்சில்தான். அதுவரை, தாங்கள் ஒரு நாட்டின் படை என்ற ஐ.ஆர்.ஏ.வின் கோரிக்கைக்கு ஆதாரம் காகிதத்தில் குறைவு. ஒவ்வொரு சாலையோரத்திலும் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே ஆதாரம். குளான்ஃபினுக்கு மறுநாள், பிப்ரவரி 3 அன்று, லிமரிக் மாவட்டத்தின் டிரோம்கீனில் நடந்த தாக்குதலில் 11 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். பிடிபட்ட பிறகு சுடப்பட்டவர்களும் அதில் உண்டு. 1920 நவம்பர் 28 அன்று கார்க் மாவட்டத்தின் கில்மைக்கேலில் ஐ.ஆர்.ஏ. தளபதி டாம் பாரியின் படை ஆக்ஸிலியரிகளைத் தாக்கியபோது, சரணடைவது போல் நடித்துவிட்டுச் சுட்டார்களா, சரணடைந்தவர்களையே சுட்டார்களா என்ற சண்டை வரலாற்றாளர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்தும் கில்மைக்கேல் விவாதம் கடைசிச் சில நிமிடங்களைச் சுற்றியே நடக்கிறது. குளான்ஃபினில் அந்த விவாதம் இல்லை. எதிர்த்தரப்பு ஆட்களே உயிரோடு திரும்பிப் போய்ச் சாட்சியாக இருந்தார்கள்.

பதிலடி வராமல் இல்லை. சுற்றுவட்டாரத்தில் படைகள் தேடுதல் நடத்தின, வீடுகளும் பண்ணைகளும் எரிந்தன, வயதான ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். தாக்கியவர்கள் கிடைக்காதபோது கிடைத்தவர்களைத் தண்டிப்பது அந்தப் படையின் வழக்கமாகிவிட்டிருந்தது. அதே பிப்ரவரியில் ஆக்ஸிலியரி பிரிவின் தளபதி குரோசியரே பதவியை விட்டார். மீத் மாவட்டத்தின் டிரிம் ஊரில் ஒரு மளிகைக் கடையைக் கொள்ளையடித்த தன் ஆட்களை அவர் வேலையிலிருந்து நீக்கினார், மேலதிகாரி அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஒழுங்கைக் காக்க வந்த படையில் ஒழுங்கு என்ன நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மக்கோன் ஒரு மாதம்தான் தப்பியிருந்தார். டப்ளினுக்குப் போய்த் தலைமையைச் சந்தித்துவிட்டுத் திரும்பும்போது, மார்ச் தொடக்கத்தில் முல்லிங்கர் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். தப்பி ஓட முயன்றபோது சுட்டதில் குண்டு நெஞ்சில் பாய்ந்தது. பிழைத்து, டப்ளின் மவுண்ட்ஜாய் சிறைக்குப் போனார். அங்கிருந்து அவரை மீட்க மைக்கேல் காலின்ஸ் துணிந்த முயற்சி அந்தப் போரின் மிக அபாரமான காட்சிகளில் ஒன்று. டப்ளின் இறைச்சிக் கூடத்துக்குக் காவலாக வந்த பிரிட்டிஷ் கவச வண்டி ஒன்றை மே 14 காலையில் ஐ.ஆர்.ஏ. கைப்பற்றியது. எம்மெட் டால்டனும் ஜோ லெனார்டும் பிரிட்டிஷ் அதிகாரி சீருடை போட்டுக்கொண்டு அதிலேயே சிறைக்குள் போனார்கள். கைதியை வேறு இடத்துக்கு மாற்ற வந்திருக்கிறோம் என்று சிறை அதிகாரியின் அறைவரை போய்விட்டார்கள். அந்த நேரத்தில் மக்கோன் அங்கே இல்லை. வாசலில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது, இருவரும் வெறுங்கையோடு வண்டியில் ஏறித் தப்பினார்கள்.

ஜூன் மாதம் ராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றச்சாட்டு, ஆய்வாளர் மெக்ராத்தின் கொலை. அங்கேதான் குளான்ஃபின் திரும்பி வந்தது. அந்தப் பாலத்தில் அவரிடம் சரணடைந்த ஆக்ஸிலியரிகளில் மூன்று பேர் வந்து, காயம்பட்ட தங்களை அவர் எப்படி நடத்தினார் என்று சாட்சி சொன்னார்கள். தங்கள் தளபதியைக் கொன்ற படையின் தலைவனுக்காக, தங்கள் அரசே அமைத்த நீதிமன்றத்தில். தீர்ப்பு மாறவில்லை, மரண தண்டனைதான். ஆனால் கொலைகாரக் கும்பல் என்ற சொல் அந்த அறையில் அன்று நிற்கவில்லை. அதை அடித்துச் சாய்த்தவர்கள் அந்தச் சொல்லை நம்பிச் சம்பளம் வாங்கியவர்கள்.

ஜூலை 11 அன்று போர்நிறுத்தம் வந்தது. டாயில் கூடுவதற்காகச் சிறையில் இருந்த உறுப்பினர்களை விடுவிக்க ஆகஸ்டில் பிரிட்டன் ஒப்புக்கொண்டது, ஒரே ஒருவரைத் தவிர. சிறையில் இருந்தபடியே மே மாதம் டாயிலுக்குத் தேர்வாகியிருந்த மக்கோன்தான் அந்த ஒருவர். அவர் வராமல் பேச்சுவார்த்தை இல்லை என்று அயர்லாந்துத் தரப்பு உறுதியாக நின்றது. சில நாட்களில் விட்டார்கள். டிசம்பர் 19 அன்று, பிரிட்டனோடு செய்துகொண்ட ஆங்கிலோ ஐரிஷ் ஒப்பந்தத்தை ஏற்கும் தீர்மானத்தை ஆர்தர் கிரிஃபித் டாயிலில் முன்மொழிய, எழுந்து வழிமொழிந்தவர் இந்தக் கொல்லர். அந்த ஒப்பந்தம் நாட்டை இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போரில் கொண்டுபோய் விட்டது, அது தனிக் கதை.

1922 பிப்ரவரி 28 அன்று ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் அத்லோன் படைமுகாமிலிருந்து பிரிட்டிஷ் படை வெளியேறியது. அயர்லாந்துத் தரப்பில் அதைப் பொறுப்பேற்றுக்கொண்டவர் மக்கோன். முந்தைய ஆண்டு இதே மாதத்தில் குளான்ஃபினிலிருந்து மயிரிழையில் தப்பியவர், இப்போது வாசல் வழியாக உள்ளே போனார். விக்டோரியா முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு அதற்குக் கஸ்டியூம் முகாம் என்று பெயர் வைத்தார்கள். 1691இல் அத்லோன் முற்றுகையின்போது, வில்லியம் மன்னரின் படை ஆற்றைக் கடந்துவிடாமல் தடுக்க, பாலத்தின் பலகைகளைப் பெயர்த்தெறியத் தானாக முன்வந்து குண்டுக்கு இரையான ஒரு சார்ஜென்டின் பெயர் அது.